தோட்டப்புற நூலகத்தை ஒற்றை ஆளாக நடத்துவது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்ட ஊர்களில் நூலகம் என்றால் பெரும்பாலும் ஒரே அறைதான். கோயில் மண்டபத்தை ஒட்டிய அறை, தமிழ்ப்பள்ளியின் வள மையம், தாமான் எனும் வீடமைப்புப் பகுதியில் கடைவீட்டு மாடி என்று எங்காவது அமைந்திருக்கும். பார்த்துக்கொள்பவரும் ஒருவர்தான். அவருக்குக் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை கிடைத்துவிட்டால் புத்தகங்கள் மட்டும் அலமாரியில் நிற்கும். எது எங்கே இருக்கிறது, எந்தப் பெயரில் எழுதப்பட்டது, யாரிடம் இரவல் போனது என்ற விவரமெல்லாம் அவரோடு போய்விடும். ஆறு மாதத்தில் அறைக்குப் பூட்டு விழுகிறது.

ஆகவே இந்த வேலையில் முதலில் வாங்க வேண்டியது ஒரு நோட்டு. கெட்டி அட்டை போட்ட 200 பக்க நோட்டாக இருக்கட்டும். இதை விதி நோட்டு என்று வைத்துக்கொள்வோம். நூலகத்தில் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் தேதி போட்டு ஒரு வரியில் எழுதுங்கள், காரணத்தை அடுத்த வரியில் எழுதுங்கள். "பட்டியலில் ஈப்போ என்றே எழுதுவோம். புத்தகத்தில் இப்போ என்று இருந்தாலும் ஈப்போ. காரணம்: இரண்டு விதமாக எழுதினால் தேடும்போது பாதி கிடைக்காது." இவ்வளவு போதும். காரணம் எழுதாத விதியை அடுத்து வருபவர் மாற்றிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பெட்டி வந்தால் முதலில் வெளியே

ஒருவர் காலமானதும் அவர் வீட்டுப் புத்தகங்கள் ஐந்தாறு பெட்டிகளில் வந்து சேரும். நேரே உள்ளே கொண்டுபோகாதீர்கள். வாசலில் ஐந்தடி நடைபாதையில் வைத்தே பிரித்துப் பாருங்கள். முதுகில் மண் ஒட்டியிருந்தால் கரையான். வட்டமான சிறு துளையும் மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டின் புழு. அட்டையின் மேல்தோல் மட்டும் ஒழுங்கில்லாமல் சுரண்டப்பட்டிருந்தால் இராமபாணப் பூச்சியோ கரப்பானோ. இரண்டுக்கும் அட்டைப் பசையிலுள்ள மாவுச்சத்துதான் இரை.

பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்த புத்தகத்தைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டுங்கள். வீட்டு உறைபெட்டியின் 18 டிகிரி உறைநிலைக்குக் கீழான குளிரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் பையோடு வெளியே இருக்கட்டும். அவசரப்பட்டுத் திறந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் நீராகப் படியும். பூச்சி செத்துப் பூஞ்சை பிடித்த கதையாகிவிடும். பாச்சை உருண்டையை அலமாரிக்குள் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதன் புகை படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஆகாது, பூச்சியையும் உறுதியாகக் கொல்லாது.

தேறிய புத்தகம் சேர்க்கைப் பதிவேட்டுக்குப் போகும். வரிசை எண், வந்த தேதி, கொடுத்தவர், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை என்று எட்டுக் கட்டம் போதும். எண்ணைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் ஒருமுறையும், நீங்களே குறித்துக்கொண்ட ஓர் உள்பக்கத்தில் இன்னொரு முறையும் எழுதுங்கள். அந்த உள்பக்கம் 21 என்றால் எல்லாப் புத்தகத்திலும் 21தான். அட்டை கிழிந்து தலைப்புப் பக்கம் போனாலும் புத்தகத்தை அடையாளம் காண அது உதவும். தொலைந்த புத்தகத்தின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பழைய இரவல் பதிவுகள் எல்லாம் பொய் சொல்லத் தொடங்கும்.

தமிழ்ப் பட்டியலில் எங்கே கோளாறு வருகிறது

வேலையின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. அவசரமில்லாமல் படியுங்கள்.

முதலில் பெயர். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்து தந்தையைக் குறிக்கிறது. ஆகவே இரா. முத்து என்பவரை "முத்து, இரா." என்று அவருடைய சொந்தப் பெயரில் பதியுங்கள். அதே ஆள் ஒரு நூலில் இரா. முத்து, இன்னொன்றில் ஆர். முத்து, மலாய் அட்டையில் தந்தை பெயரோடு நீண்ட பெயர் என்று வருவார். ஒன்றைத் தேர்ந்தெடுத்து விதி நோட்டில் எழுதுங்கள். மற்றவற்றுக்கு "ஆர். முத்து: பார்க்க முத்து, இரா." என்று ஒரு வரி சேருங்கள். இரவல் வாங்குவோர் பட்டியலிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அடையாள அட்டையில் அனாக் லெலாகி (மகன்), அனாக் பெரெம்புவான் (மகள்) என்பதற்குப் பின்னால் வருவது அப்பாவின் பெயர். வெளிநாட்டு மென்பொருள்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு பிள்ளையை அப்பா பெயரில் அடுக்கிவிடும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத எழுத்துப்பிழை. கௌரி என்பதைச் சிலர் கெ, ள, ரி என்று தட்டுவார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். ஔவையாரை ஒ, ள என்று தட்டினாலும் இதே கதை. கொ, கோ போன்றவற்றிலும் ஒற்றைக் குறியாகத் தட்டாமல் முன்கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டியிருப்பார்கள். சில நிரல்கள் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும், சில செய்யா. கண்டுபிடிக்க எளிய வழி: அந்த எழுத்தின் பின்னால் சுட்டியை வைத்துப் பின்னழிப்பு விசையை ஒரே தடவை தட்டுங்கள். கௌ சரியாக இருந்தால் க மட்டும் மிஞ்சும். கெ மிஞ்சினால் ள என்ற எழுத்து ஒளிந்திருந்தது என்று பொருள். கொ என்பதிலும் அப்படியே, க மிஞ்ச வேண்டும். "புத்தகம் இருக்கிறது, ஆனால் தேடினால் வரவில்லை" என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

எக்செலில் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு மூன்று குறிப்புகள். ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் 13 இலக்கம். கட்டத்தை முன்கூட்டியே எழுத்து வடிவத்துக்கு மாற்றாவிட்டால் எக்செல் அதைச் சுருக்கி 9.78 என்று தொடங்கும் கணக்கு எண்ணாகக் காட்டும். 978-க்குப் பின் 967 அல்லது 983 வந்தால் அது மலேசியப் பதிப்பு என்பதைத் தெரிந்துகொண்டால் பதிப்பிட்ட நாட்டை உடனே சொல்லலாம். இரண்டாவது, சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாக மாறும், மாறியதை மீட்க வழியில்லை. மூன்றாவது, அகரவரிசை. ஒருங்குறி (யூனிகோட்) எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரலில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற வந்து நிற்கும். நம் அகராதியில் ற, ன இரண்டும் கடைசியில். அலமாரியை அகராதி வரிசையில் அடுக்குங்கள், நிரலின் வரிசையை நம்பி அடுக்காதீர்கள்.

பழைய வட்டுகளில் யாரோ தட்டிவைத்த பட்டியல் திறந்ததும் புரியாத குறிகளாகத் தெரிந்தால் தூக்கிப்போட வேண்டாம். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியிருப்பார்கள். மாற்றித் தரும் செயலிகள் இணையத்தில் கிடைக்கின்றன. எந்த எழுத்துரு என்று கண்டுபிடிப்பதுதான் வேலையில் பாதி. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் இங்கே பரவலாகப் புழங்கியதால், நம் நாட்டுக் கோப்பு என்றால் அதிலிருந்தே தேடத் தொடங்குங்கள்.

எண் போடுவது

நூல்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்க, 1876-இல் வந்த டூயி தசமப் பகுப்பே இந்நாட்டு நூலகங்களில் பொதுவாகப் புழங்குகிறது. ஒற்றை அறைக்குப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் வரை போதும். ஆனால் தமிழுக்கு மட்டும் நீட்டித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் நம் கையிருப்பில் பெரும்பகுதி அங்கேதான் குவியும். தமிழ் மொழி, இலக்கணம் 494.811. தமிழ் இலக்கியம் 894.811. அதனோடு 1 சேர்த்தால் கவிதை, 2 நாடகம், 3 கதையும் நாவலும், 4 கட்டுரை. ஆகவே தமிழ் நாவல் 894.8113. அதன் கீழே ஆசிரியர் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். இந்து சமயம் 294.5, மலேசிய வரலாறு 959.5, சமையல் 641.5, தோட்டப்பயிர்கள் 633.

ஒரு நூல் இரண்டு இடத்துக்குப் பொருந்தினால் எங்கே வைத்தால் தேடி வருபவர் கைக்கு எட்டுமோ அங்கே வையுங்கள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. எண்ணைப் பற்றிய குழப்பங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு விதியை வைத்தே தீர்க்கலாம். தீர்த்ததும் விதி நோட்டில் ஒரு வரி.

கேட்பவர் கேட்பதும் அவருக்கு வேண்டியதும்

ஓர் அம்மா வந்து, "பழைய பேப்பர் இருக்கா தம்பி?" என்கிறார். இல்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம். அப்படி அனுப்பினால் அவர் திரும்பி வரமாட்டார். "எதுக்கும்மா?" என்று கேட்டாலும் நம் பேச்சில் அது விரட்டுவது போலத்தான் விழும். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்.

"உக்காருங்கம்மா. எந்த வருசத்துப் பேப்பர்னு ஞாபகம் இருக்கா?"

"எழுபத்தி ரெண்டோ மூணோ. எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்தப் போட்டிருந்தாங்க."

"கெடைச்சா அத வச்சு என்ன செய்யணும்மா?"

"அங்கதான் படிச்சேன்னு காட்டணும்ப்பா. பள்ளிக்கூடமே இப்ப இல்ல. ஆபீஸ்ல கேக்குறாங்க."

இப்போது தெரிகிறது, அவருக்கு வேண்டியது பத்திரிகை இல்லை. அந்தப் பள்ளி இருந்ததற்கும் தாம் அங்கே படித்ததற்கும் சான்று. பள்ளி ஆண்டு மலரில் மாணவர் படம் இருக்கலாம். மூடிய பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு எங்கே ஒப்படைக்கப்பட்டது என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம். எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்பதை அவரைக் கேட்ட அலுவலகமே சொல்ல வேண்டும், நூலகர் ஊகித்துச் சொல்லக் கூடாது. நாம் செய்ய வேண்டியது தேட வேண்டிய இடங்களை ஒரு தாளில் தமிழிலும் மலாயிலும் எழுதிக் கொடுப்பது. கவுண்டரில் அந்த மலாய் வரியைக் காட்டினாலே பாதி அலைச்சல் குறையும்.

பதில் கிடைக்காத கேள்விகளுக்கு விதி நோட்டின் கடைசிப் பக்கங்களை ஒதுக்குங்கள். தேதி, கேள்வி, எங்கெல்லாம் தேடினோம் என்று மூன்று கட்டம். கேட்டவரின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் அதில் எழுத வேண்டாம். இரவல் பதிவேட்டையும் மற்றவர் புரட்டிப் பார்க்கும்படி மேசையில் விடாதீர்கள். ஊர் சிறியது. யார் என்ன படிக்கிறார்கள் என்பது பேச்சாகிவிட்டால், மனநலம், விவாகரத்து, கடன் பற்றிய நூல்களை ஒருவரும் கேட்டு வாங்கமாட்டார்கள்.

கை வேலை

ஒட்டுநாடா வேண்டாம். சில ஆண்டில் அது மஞ்சளாகி உதிரும், பசை மட்டும் தாளுக்குள் ஊறி நிற்கும். அமிலமில்லாத பிவிஏ வெள்ளைப் பசை, மெழுகுத்தாள், மெல்லிய தூரிகை, சாத்தே குச்சி (இறைச்சி குத்திச் சுடும் மெல்லிய குச்சி), பருத்தி நூல், கனமான இரண்டு செங்கல் (துணி சுற்றியது) இருந்தால் பத்தில் எட்டுப் பழுதைச் சரிசெய்யலாம்.

பிள்ளைகள் அதிகம் எடுக்கும் கெட்டி அட்டைப் புத்தகத்தில் அட்டை தளர்ந்து ஆடும். புத்தகத்தை நிமிர்த்தி வைத்து மேலிருந்து பார்த்தால் அட்டையின் முதுகுக்கும் தாள்கட்டுக்கும் இடையில் ஒரு சந்து தெரியும். சாத்தே குச்சியின் கூர்முனையை வெட்டித் தேய்த்துவிட்டு, அதில் மெல்லப் பசை பூசி, சந்தின் ஓரமாக இறக்கி உருட்டி எடுங்கள். தலைப்பக்கம் ஒருமுறை, கால்பக்கம் ஒருமுறை. முன்னும் பின்னும் அட்டைக்கு உள்ளே மெழுகுத்தாள் வைத்து மூடி, அட்டையின் பள்ளத்தை விரல் நகத்தின் பின்புறத்தால் அழுத்துங்கள். பிறகு செங்கல், ஓர் இரவு. பசை சொட்டும் அளவு பூசினால் அட்டை முதுகும் தாள்கட்டும் ஒரே கட்டையாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை திறக்கும்போது முதுகே பிளக்கும்.

கழன்ற ஒற்றைத் தாளுக்கு ஓரத்தில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் பசை போதும். மேலே ஒரு கழிவுத்தாளை அந்த இடைவெளி விட்டு மூடிக்கொண்டு தூரிகையை இழுத்தால் கோடு நேராக வரும். ஒரு தாள் கழன்றால் அதே மடிப்பின் மறுபாதித் தாளும் தளர்ந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

கோயில் மலர், பள்ளி மலர் எல்லாம் கம்பி ஊசி அடித்தவை. நம் ஈரக்காற்றில் கம்பி துருப்பிடித்துத் தாளையும் அரிக்கும். பழைய மலர் கைக்கு வந்ததும் கம்பியின் கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி எடுத்துவிட்டு, மடிப்பில் மூன்று துளை போட்டுப் பருத்தி நூலால் தையுங்கள். நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, மேல்துளையில் வெளியிருந்து உள்ளே, நீளமாகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே வந்து, நீளத் தையலின் இருபுறமும் நுனிகள் நிற்க முடிச்சு.

ஈரத்துக்கு ஒரு ஈரப்பத மானி வாங்குங்கள், அதிக விலையில்லை. 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அலமாரியைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, அடித்தட்டைத் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தால் காற்றோட்டம் கிடைக்கும். பகலில் குளிரூட்டியைப் போட்டு இரவில் நிறுத்துவதைவிட நாள் முழுதும் மின்விசிறி ஓடுவது மேல். ஏற்ற இறக்கமே தாளைக் கெடுக்கிறது. பூஞ்சையை ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது தேய்ந்து தாளுக்குள் இறங்கும். தனியே காயவைத்து, முகக்கவசம் போட்டு, அறைக்கு வெளியே மென்தூரிகையால் தட்டுங்கள்.

2014, 2021 டிசம்பர் மாதங்களின் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். முதலில் தூக்க வேண்டியவற்றை இப்போதே பட்டியலிட்டு விதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்: சேர்க்கைப் பதிவேடு, உள்ளூர் மலர்கள், படங்கள். கடையில் வாங்கக்கூடிய நாவல்கள் கடைசியில். நனைந்த நூலில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை தொடங்கும். அதற்குள் மெழுகுத்தாள் சுற்றி, முதுகு கீழே இருக்கும்படி கூடையில் அடுக்கி உறைபெட்டியில் வைத்தால் நேரம் கிடைக்கும். உறைபெட்டி இல்லையென்றால் பத்துப் பதினைந்து தாளுக்கு ஒரு மைப்பூச்சில்லாத உறிஞ்சுதாள் வைத்து, விசிறிக் காற்றில் நிறுத்தி, தாள் நனைய நனைய மாற்றுங்கள். வெயில் ஆகாது. பளபளப்புத் தாள் நூல்களை முதலில் கவனியுங்கள். மூடியபடி காய்ந்துவிட்டால் கல்லாக இறுகிவிடும், பிரிக்கவே முடியாது.

நம் ஊரின் தாள்கள்

நாவல் போனால் இன்னொரு பிரதி வாங்கலாம். கும்பாபிஷேக மலர், தொழிற்சங்கத் துண்டறிக்கை, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) எடுத்த குழுப்படம், தோட்டப் பள்ளியின் ஆண்டறிக்கை போன்றவற்றை எங்கும் வாங்க முடியாது. தோட்டங்கள் கைமாறி வீடமைப்பாகிக்கொண்டிருக்கின்றன. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019-இல் நின்றுவிட்டது. இந்தத் தாள்களைச் சேர்ப்பதற்கு ஊர் நூலகரை விட்டால் வேறு ஆள் இல்லை. மற்ற எந்த வேலையைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பதியும்போது தோட்டத்தின் பெயரில் கவனம் வேண்டும். ஆங்கில நிறுவனப் பெயர் ஒன்று, மலாய்ப் பெயர் ஒன்று, நம்மவர் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று என்று மூன்று இருக்கும். மூன்றையும் எழுதி ஒன்றிலிருந்து மற்றதுக்கு வழிகாட்டுங்கள். தமிழ்ப் பெயரைத் தெரிந்த பாட்டிமார்களும் தாத்தாமார்களும் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்கு 1942, 43-இல் ஆள் போன குடும்பங்களின் நினைவுகளும் அப்படியே. அன்றைக்குப் போனவர்கள் அநேகமாக இல்லை, கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கைப்பேசியில் பதிவு செய்யும்போது முதல் அரை நிமிடத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர், அவருடைய சம்மதம் ஆகியவை குரலிலேயே பதியட்டும்.

படத்தின் பின்னால் பந்துமுனைப் பேனாவால் எழுதாதீர்கள். அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். மென்மையான 4பி பென்சில் போதும். ஸ்கேனரில் வருடும்போது தாளுக்கு அங்குலத்துக்கு 300, படத்துக்கு 600 புள்ளி அடர்த்தி. கோப்பு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். இணையத்தில் ஏற்றும் முன் காப்புரிமையைப் பாருங்கள். மலேசியாவில் ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு வரை அது நீடிக்கும். ஊர்ச் சங்கம் புதிதாக மலர் அச்சிட்டால், 1986-ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டப்படி அச்சு நூலில் ஐந்து பிரதி தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள். நம் ஊர் மலர் அங்கேயும் பத்திரமாக இருக்கும்.

கற்றலுக்கு நேரம் எங்கே

வாரத்தில் ஒரு மணி நேரம், கதவைத் திறப்பதற்கு முன். மாதத்தின் முதல் வாரம் சோதனைக்கு: பட்டியலில் கண்ணை மூடிப் பத்துத் தலைப்பைத் தொட்டு அலமாரியில் தேடுங்கள், அலமாரியில் பத்து நூலை எடுத்துப் பட்டியலில் தேடுங்கள். எது கிடைக்கவில்லையோ அதற்கான காரணமே அந்த மாதப் பாடம். இரண்டாவது வாரம் கடைசிப் பக்கத்துக் கேள்விகளில் ஒன்றை எடுத்து, இணையத்தில் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம், இலங்கை நூல்களுக்கு நூலகம் தளம், தேசிய நூலகத்தின் பட்டியல் என்று முழுக்கத் தேடிப் பழகுங்கள். மூன்றாவது வாரம் கைவேலை. நான்காவது வாரம் மென்பொருள். இரண்டாயிரம் நூல் வரை எக்செல் தாங்கும். அதற்கு மேல் போனால் நியூசிலாந்தில் உருவான, காசில்லாமல் கிடைக்கும் நூலக மென்பொருளான கோஹாவைக் கற்கத் தொடங்கலாம். மலேசிய நூலகர் சங்கம் 1955 முதல் இருக்கிறது. அதன் நிகழ்ச்சிகளையும் மாநில நூலகத்தின் பயிற்சிகளையும் கவனித்து வாருங்கள். மலாயில் நடக்கிறதே என்று தயங்க வேண்டாம், கேட்டதைத் தமிழில் விதி நோட்டில் எழுதும்போதுதான் முழுசாகப் புரியும்.

ஒப்படைக்கும் நாள் வந்தால் புதியவரோடு இரண்டு சனிக்கிழமை உட்காருங்கள். முதல் சனிக்கிழமை நீங்கள் நாற்காலியில், அவர் பக்கத்தில். இரண்டாவதில் அவர் நாற்காலியில், நீங்கள் வாசிப்பவர்கள் உட்காரும் பெஞ்சில். அவர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் வாயால் பதில் சொல்லாமல், விதி நோட்டில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டுங்கள். நோட்டில் இல்லையென்றால் பேனாவை அவர் கையில் கொடுத்து, நீங்கள் சொல்லச் சொல்ல அவரையே எழுதச் சொல்லுங்கள்.